மேட்டுப் பக்கமே போன பந்து

போன வாரம் பதுளை பஜாரில் ஒரு தச்சர், கடை வாசலில் கதவொன்றைக் கிடத்தி வைத்து ஆளிவிதை எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்குச் சோக்குக்கட்டி வாங்கப் போன நான் அந்த மணத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒன்றும் வேண்டாதவர்கள் வாசலை மறைப்பது வியாபாரத்துக்கு நல்லதல்ல என்பதுபோல் அவர் பார்த்ததால் நகர்ந்தேன்.

அது உங்கள் டிஸ்பென்சரியின் மணம், டாக்டர். மற்றத் தேயிலைத் தோட்டங்களின் டிஸ்பென்சரிகளில் டிங்சரும் கார்பாலிக்கும் மணக்கும். உங்களுடையதில் அவற்றோடு கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் எண்ணெயும் சேர்ந்து மணந்தது. மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில், கட்டுத்துணிச் சுருள்களுக்குப் பக்கத்தில், மட்டையைப் படுக்க வைத்திருந்தீர்கள். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி அந்த எண்ணெயைப் புதிதாக வந்த மருந்தென்று நினைத்து முழங்காலுக்குக் கேட்டாள். மறுத்துப் பார்த்தீர்கள். அவள் விடவில்லை. பூசினீர்கள். அடுத்த கிழமை குணமாகி வந்து தன் மாமியாருக்கும் கேட்டாள். மருத்துவம் பற்றி உங்களுக்கிருந்த கருத்து அன்று சற்று மாறியது. மட்டையாட்டம் பற்றிய கருத்து மாற இன்னும் சில மாதங்கள் ஆயின.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் காலமாகி ஒன்றரை வருடமாகிறது. எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது எட்டுச்செலவுச் சடங்கும் முடிந்திருந்தது. வீட்டாருக்கு இரங்கல் சொல்லும் காலம் கடந்துவிட்டபடியால் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

நம் தோட்டத்தை நிர்வகித்த துரையை உங்களுக்கு நினைவிருக்கும். நாடு சுதந்திரமடைந்து சில வருடங்கள் ஆகியும் அந்தச் செய்தி தோட்டத்துப் பாதையில் ஏறி வரச் சிரமப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒரு புதிய உத்தியோகத்தரை நிரந்தரமாக்குமுன் அவர் மட்டை பிடிப்பதைத் துரை ஒரு முறை பார்ப்பார். பந்துக்கு முகம் கொடுக்காதவன் பொறுப்புக்கும் முகம் கொடுக்க மாட்டான் என்பது அவருடைய நிர்வாகத் தத்துவம். மாணிக்கத்துக்கு முன் தேயிலை பதப்படுத்தும் சின்ன டீமேக்கராக இருந்தவர், பக்கத்துத் தோட்டத்தோடு நடக்கும் வருடாந்தப் போட்டியில் முதல் பந்திலேயே விக்கெட்டைப் பறிகொடுத்தார். அந்த மாதமே பெட்டியைக் கட்டினார். அவர் தேயிலையைப் பற்றி யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

மாணிக்கம் அந்த இடத்துக்கு வந்தார். தொழிலாளர்களின் ஒற்றை அறை வரிசையான லயத்தில் பிறந்து, ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் கூலியாகச் சேர்ந்து, கொழுந்து வாடும் பதத்தை விரலால் தொட்டுச் சொல்லக் கற்று, லயத்திலிருந்து உத்தியோகத்துக்கு ஏறிய முதல் ஆள். ஆறு மாதம் தற்காலிகம். நிரந்தரமானால் குவாட்டர்ஸ் கிடைக்கும்: இரண்டு அறை, தனிக் குசினி, அதற்கொரு புகைபோக்கி. நிரந்தரமாகாவிட்டால் மீண்டும் லயம். ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியவரை லயம் எப்படி வரவேற்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மாணிக்கத்தைப் பழக்கும் பொறுப்பைத் துரை உங்களிடம் கொடுத்தபோது, கிரிக்கெட் மோகத்தில் ஒப்புக்கொண்டீர்கள் என்றுதான் நினைத்தேன். காரணம் வேறு என்பது ஒரு நாள் மருந்து கலக்கிக்கொண்டே நீங்கள் சொன்னபோது தெரிந்தது. மாணிக்கத்தின் தாய் உங்களிடம் பல வருடங்களாக இருமல் மருந்து வாங்கிவந்தவர்.

“குடுத்துக் குடுத்து நான் களைச்சுப் போனன். அவவுக்குத் தேவை மருந்தில்லை மாஸ்டர், புகைபோக்கி.”

மட்டையாட்டத்தை எப்படிக் கற்பிப்பது என்பதில் நம் தோட்டத்தில் இரண்டு கொள்கைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. அதைச் சொல்ல அரை மூச்சு போதும்: பந்தைப் பார், அடி. கற்பிப்பவருக்கு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது அதன் சிறப்பு. இந்தக் கொள்கையைக் கைக்கொண்டு நான் அணியில் கடைசி ஆளாக ஆடும் தகுதியை அடைந்திருந்தேன்.

மற்றது உங்களுடையது. இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தடித்த புத்தகத்தைப் படித்து, அதில் குறைகள் கண்டு, மனித உடலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்து நீங்களே திருத்தி அமைத்தது. உங்கள் சொந்த ஆட்டத்தில் யாராலும் பிழை சொல்ல முடியாது. பிழை தெரிவதற்குள் அது முடிந்துவிடும்.

என் கொள்கையை ஒரு முறை உங்களிடம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டீர்கள்.

“பந்தைப் பாக்கச் சொல்லுறீர். எப்ப தொடக்கம் பாக்கிறது? அவன்ட கையில இருக்கேக்கையோ, நிலத்தில பட்டாப் பிறகோ? ரெண்டு கண்ணாலயும் ஒரே அளவாப் பாக்கிறதோ?”

எனக்குத் தெரியாது என்றேன்.

“அப்ப அது கொள்கையில்லை, ஆசை,” என்றீர்கள்.

டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படம் அந்த மாதங்களில் பாடப் புத்தகமாயிற்று. அதன் கையில் பென்சிலால் ஒரு மட்டையை வரைந்தீர்கள். இடது முழங்கையிலிருந்து ஓர் அம்பு, தோளுக்கு ஒன்று, இடுப்புக்கு இரண்டு, கட்டை விரலுக்கு ஒன்று. காய்ச்சலுக்கு வந்த ஒரு பெண் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவருதான் முந்தி இருந்த டாக்டர் ஐயாவுங்களா?” என்று கேட்டாள். நீங்கள் சிரிக்கவில்லை. அவரும் இப்படித்தான் நின்று ஆடுவார் என்று சொல்லி அனுப்பினீர்கள்.

மாலையில் டிஸ்பென்சரியை மூடிய பிறகு மைதானத்தில் பாடம் நடக்கும். மைதானம் என்று துரை அழைத்ததால் நாமும் அழைத்தோம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். ஒரு பக்கம் தேயிலை மேடு. மறுபக்கம் வெள்ளையடித்த கற்களை வரிசையாக வைத்த விளிம்பு, அதற்குக் கீழே ஓடை வரை இறங்கும் பள்ளம். நடுவில் ஆடுகளமாகத் தென்னந்தும்புப் பாய் விரிக்கப்படும். நீங்கள் மாணிக்கத்துக்குப் பக்கவாட்டில், அவருடைய முழங்கை தெரியும் தூரத்தில் நிற்பீர்கள். மாணிக்கம் எப்போதும் ஒரே முனையில் நிற்பார், பந்து எப்போதும் மறு முனையிலிருந்து வரும்.

முதல் நாள் அவர் எதையும் கேட்காமல் அடித்தார். தேயிலைப் பெட்டிப் பலகையைச் செதுக்கி லயத்து முற்றத்தில் ஆடி வளர்ந்த கை. பந்து மேட்டில் ஏறித் தேயிலைக்குள் விழுந்து, மெல்ல உருண்டு, கிட்டத்தட்ட நம் காலடிக்கே வந்தது. அடுத்ததும் அங்கேயே போனது. அதற்கடுத்ததும். பார்த்துக்கொண்டு நின்ற அலுவலகத்துப் பெரிய கிளாக்கர், நம் அணித் தலைவர், கையைத் தட்டினார். நீங்கள் தட்டவில்லை. எந்தப் பந்தையும் ஒரே பக்கம் இழுக்கும் கையை எதிரணி இரண்டு ஓவரில் கண்டுபிடித்துவிடும் என்றீர்கள். இது சரியான கணிப்பு. பிழை இடது முழங்கையில் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

முழங்கையைத் திருத்தியபோது தோள் கெட்டது. தோளுக்கு ஒரு விதி சொன்னீர்கள், இடுப்பு இறுகியது. இடுப்பைத் தளர்த்தச் சொன்னீர்கள், கால் எங்கே போவதென்று அறியாமல் நின்றது. ஏழில் தொடங்கிய விதிகள் மழைக்காலம் முடியுமுன் பத்தொன்பதாகியிருந்தன. ஒவ்வொன்றும் சரியானது. ஒவ்வொன்றுக்கும் எலும்பின் பெயரோடு காரணம் இருந்தது. மாணிக்கம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வரிசை தவறாமல் ஒப்பித்தார். அவரால் முடியாமல் போனது பந்தைத் தொடுவது மட்டும்தான். தப்பித் தவறி ஒன்று பட்டால், அது மட்டும் பழையபடி மேட்டுக்கே போனது.

“உம்மட இடது முழங்கை இப்ப எங்க நிக்குது, தம்பி?”

“இங்கதாங்க ஐயா இருக்கு,” என்று அவர் அதை எடுத்துக் காட்டுவார்.

ஒரு மாலை, நீங்கள் கால் கழுவப் போயிருந்தபோது, அவர் என்னிடம் தனியாகச் சொன்னார். “பந்து வர்றப்ப டாக்டர் ஐயா கொரல்தாங்க மாஸ்டர் கேக்குது. பந்து தெரிய மாட்டேங்குது.”

என் கொள்கையின் காலம் வந்துவிட்டதென்று மகிழ்ந்தேன். எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பந்தைப் பார்த்து அடிக்கும்படி சொன்னேன். அடுத்த மாலை அவர் மறந்தார், பார்த்தார், அடித்தார். பந்து மேட்டுக்குப் போனது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆக, உங்கள் கொள்கைப்படி அவரால் அடிக்க முடியவில்லை. என் கொள்கைப்படி ஒரே பக்கம் மட்டும் அடித்தார். ஏன் என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. யாரிடம் கேட்டால் தெரியும் என்பது நம் இருவருக்கும் தோன்றவில்லை. அவரோ தினமும் நம் இருவருக்கும் நடுவில் மட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை வருமென்று எல்லோரும் நம்பியிருந்தோம், வரவில்லை. துரை கித்தான் நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்தார். மாணிக்கத்தின் விஷயத்தைத் திங்கட்கிழமை முடிவு செய்வதாகப் பெரிய கிளாக்கரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தார். லயத்துச் சனம் மேட்டுத் தேயிலை ஓரமாக உட்கார்ந்திருந்தது. நடுவர் அங்கி வழக்கம்போல் உங்களுக்கு. தோட்டத்துக்கு ஒரு நடுவர் என்பது ஏற்பாடு. காயம்பட்டால் இருதரப்புக்கும் கட்டுப் போடுபவர் பக்கம் சாய மாட்டார் என்ற நம்பிக்கையில் அந்த அங்கி டிஸ்பென்சரியிலேயே தங்கியிருந்தது.

நம்மவர்கள் விழுந்த வேகத்தை நான் விவரிக்கப்போவதில்லை. கடைசி ஆளாக நான் உள்ளே போனபோது மறு முனையில் மாணிக்கம் நின்றார். வெற்றிக்கு ஒன்பது ஓட்டங்கள் வேண்டும். அவர் அதுவரை அசையாமல் பாதிப் பந்துகளை விட்டிருந்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன் அவருடைய உதடு அசைந்தது. விதிகள். மேட்டிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

“என்னா மாணிக்கம், சாமி கும்பிடுறியா?”

அதற்குச் சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கும்போது அவர் கோபத்தில் ஒன்றை அடித்தார். மேட்டுப் பக்கம். ஓவரின் கடைசிப் பந்தாகையால் ஓர் ஓட்டம் ஓடி, அடுத்த ஓவரில் மறு முனையில் நின்று இன்னொன்றை அடித்தார். அதுவும் மேட்டுப் பக்கம். எதிரணித் தலைவர் விவரம் தெரிந்தவர். பள்ளத்துப் பக்கம் நின்ற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு மேட்டு அடிவாரத்தில் வேலி போல நிறுத்திவிட்டார். பந்து மேட்டில் ஏறி உருண்டு நேரே அவர்கள் கைக்கு வந்தது. நாங்கள் ஓடத் தொடங்கித் திரும்பி வருவதாக இருந்தோம். அந்த ஓவரின் கடைசிப் பந்தில்தான் எப்படியோ ஓர் ஓட்டம் கிடைத்து, அடுத்த ஓவரும் அவருக்கே வந்தது.

அங்கி அணிந்த உங்களால் பேச முடியாது. அந்த மாதங்களில் முதல் தடவையாக வாய் மூடி நின்று மாணிக்கம் ஆடுவதைப் பார்த்தீர்கள். அதுவும் பக்கவாட்டிலிருந்து மட்டுமல்ல. ஓவருக்கு ஓவர் இடம் மாறி நின்று, இரு முனைகளிலும் அவரைப் பார்த்தீர்கள். ஒரு முனையில் அவர் இடப்பக்கம் இழுத்து அடித்தார். மறு முனையில் வலப்பக்கம் வெட்டி அடித்தார். அடி வேறு, முழங்கை வேறு, தோள் வேறு, இடுப்பு வேறு. மேடு மட்டும் ஒன்று. பிழை எந்த எலும்பிலும் இல்லை என்பது உங்களுக்கு எந்தப் பந்தில் விளங்கியதென்று நான் பிறகு கேட்டதில்லை. ஓர் ஓவர் முடிந்து விக்கெட்டை நோக்கி நடந்துவந்த நீங்கள், நடுப் பாயில், என் பக்கத்தில், அவர் முன்னால் நின்றீர்கள். நடுவர் செய்யக்கூடாத காரியம். இரண்டு அணிகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

“தம்பி, ஏன் மேட்டுப் பக்கம் மட்டும் அடிக்கிறீர்? பள்ளத்துப் பக்கம் ஒருத்தனும் இல்லை.”

மாணிக்கம் உங்களை விநோதமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியாதா என்ற பார்வை.

“பள்ளத்துல விட்டா அவுட்டுங்களே ஐயா.”

“ஆர் சொன்னது?”

“லயத்துல அப்பிடித்தாங்க. இருக்கிறது ஒரு பந்து. பள்ளத்துல போச்சுன்னா கெடைக்காதுங்க. மேட்டுல அடிச்சா அதுவா திரும்பி வந்துரும்.”

சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக் கந்தல் மேல் சுற்றிய பந்து. மலைச்சரிவில் தொங்கும் முற்றம். சின்ன வயதிலிருந்து அந்தக் கை கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எவ்வளவு வேண்டுமானாலும் அடி, பந்தைத் தொலைக்காதே. உங்கள் பத்தொன்பதிலும் இதற்கு மாற்று இல்லை. என் அரை மூச்சிலும் இல்லை.

நீங்கள் ஒரு கணம் கித்தான் நிழலைப் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, மருந்து எத்தனை வேளை என்று சொல்லும் அதே தொனியில் சொன்னீர்கள்.

“இது துரையின்ட பந்து. துலைஞ்சா துலையட்டும். விளங்குதோ?”

அவருக்கு விளங்கியது. அது அவர் முகத்தில் ஏறுவதை நான் அருகிலிருந்து பார்த்தேன். துரையின் பந்து தொலையலாம் என்பது அந்தத் தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்திராத விஷயம்.

அடுத்த பந்தை அவர் பள்ளத்துப் பக்கம் அடித்தார். வெள்ளைக் கற்களுக்கு மேலாகப் போய், கீழே தேயிலைக்கும் அப்பால் இறங்கிப் போயிற்று. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மேட்டிலிருந்த சனம் ஒரே குரலில் சொன்னது: “அவுட்டு! மாணிக்கம் அவுட்டு!” மாணிக்கம் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடக்கத் தொடங்கினார். எதிரணி ஆறு ஓட்டம் கொடுத்த துக்கத்தில் நிற்க, நம் ஆள் ஆட்டமிழந்த துக்கத்தில் போய்க்கொண்டிருந்தார். நீங்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி அவரைக் கூப்பிட்டீர்கள்.

“எங்க போறீர்? வந்து நில்லும்.”

வந்து நின்றார். பெட்டியிலிருந்து வேறு பந்து எடுத்து வந்தார்கள். அதையும் அவர் அங்கேயே அனுப்பினார். இந்த முறை சனத்துக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. அவுட்டு என்று இன்னும் பலமாகக் கத்தினார்கள், ஆனால் சந்தோஷமாக. ஆட்டம் முடிந்தது. நான் ஒரு பந்துக்கும் முகம் கொடுக்காமல் வெற்றியில் பங்கு பெற்றேன். அதன்பின் என் கொள்கையை நான் யாருக்கும் போதிக்கவில்லை.

திங்கட்கிழமை மாணிக்கம் நிரந்தரமானார். எதிரணித் தலைவர் முறையிட்டதால் அதே நாள் துரை உங்களையும் அலுவலகத்துக்கு அழைத்து, ஆட்டத்தின் நடுவில் மட்டைக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் தொலைந்த பந்துகளின் கணக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்டேன் என்று நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னதாகப் பெரிய கிளாக்கர் பிறகு எங்களிடம் சொன்னார். துரை அதை ஏற்றுக்கொண்டார். அடுத்த வருடம் நடுவர் அங்கியை வேறொருவர் அணிந்தார். அதற்கடுத்த வருடம் உங்களைப் பூனாகலைத் தோட்டப் பக்கம் மாற்றினார்கள். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மாணிக்கத்தின் தாய் குவாட்டர்ஸ் குசினிக்குக் குடிவந்த பிறகு டிஸ்பென்சரிக்கு வருவது குறைந்தது. முற்றாக நிற்கவில்லை. சில புகை நெஞ்சிலேயே தங்கிவிடும் என்றீர்கள்.

போட்டி முடிந்த அன்று, உங்கள் விதிகள் தோற்றுப்போனதை எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள் என்று பார்க்கும் ஆவலில்தான் டிஸ்பென்சரிக்கு வந்தேன். நீங்கள் எலும்புக்கூட்டின் கையிலிருந்த மட்டையை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தீர்கள். அம்புகளை விட்டுவிட்டீர்கள்.

“விதிகள் பிழையில்லை மாஸ்டர். வரிசைதான் பிழை,” என்றீர்கள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே: “ஒவ்வொரு நாளும் இந்தக் கதிரையில இருந்துகொண்டு, வாற சனத்திட்ட என்ன செய்யுது எண்டு கேட்டுப்போட்டுத்தான் மருந்து குடுக்கிறன். அவனிட்ட மட்டும் கேக்கேல்லை.”

உங்களிடமிருந்து நான் எடுத்து வந்தது அவ்வளவுதான். அதுவும் எனக்கு நேரத்துக்குக் கைகொடுப்பதில்லை. இந்த வருடம் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை படிக்கிறாள். எழுத்துகள் எல்லாம் தெரியும், ஆனால் வாசிப்பது அவளுடைய புத்தகத்துக்கு மட்டும்தான் கேட்கும். சத்தமாகப் படி என்று நான் ஒரு பள்ளித் தவணை முழுக்கச் சொன்னேன். பயிற்சி பெற்று வந்த புதிய ஆசிரியர் மூச்சை எங்கே நிறுத்துவது, நாக்கை எங்கே வைப்பது என்று இன்னொரு தவணை சொல்லிக் கொடுத்தார். அதன் பிறகுதான் உங்கள் கதிரையும் அதில் இருந்து நீங்கள் கேட்கும் கேள்வியும் ஞாபகம் வந்தன. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, சத்தமாகப் படித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“அப்பா முழிச்சிக்குவாருங்க சார். அவருக்கு ராவுல ஸ்டோர் வேல.”

பகலில் தகப்பன் தூங்கும் ஒற்றை அறையில் எழுத்துக் கூட்டிப் பழகிய பிள்ளை.

“இங்க யாரும் தூங்கல. படி,” என்றேன்.

அது முழு உண்மையல்ல. பின் வரிசையில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் படிக்கத் தொடங்கியதும் எழுந்துவிட்டார்கள்.